வள்ளி என்ற பெயர்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தோம். குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "நல்ல பேரு" என்றார்கள். மற்றவர்கள் "வள்ளி... அப்புறம்?" என்று எங்கள் முகத்தையே பார்த்தார்கள், பின்னால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல. அதற்குப் பிறகு பெயர் தேடும் உறவினர்களும் நண்பர்களும் எங்களிடம் நிறையக் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களும் இவை.

வள்ளி என்றால் என்ன பொருள்?

கொடி. அதிலும் மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் கொடி. பழைய தமிழில் படரும் கொடிக்குப் பொதுப்பெயராகவும், கிழங்குக் கொடிக்குச் சிறப்புப் பெயராகவும் இந்தச் சொல் வழங்கியது. குறிஞ்சி நிலத்துக் குறவர் மகளின் பெயராகவும் முருகனின் துணைவியின் பெயராகவும் ஆனது அதே சொல்தான்.

நிலவு என்றும் ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியத்தில் "கொடிநிலை கந்தழி வள்ளி" என்று ஓர் அடி வருகிறது. அங்கே வரும் வள்ளிக்கு நச்சினார்க்கினியர் நிலவு என்று உரை சொல்கிறார். பெயர் வைக்கிறவர்கள் விரும்பினால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெயரின் வேர் கொடியில்தான் இருக்கிறது.

எந்தக் கொடி? பூக்கொடியா?

இல்லை. முல்லை, மல்லிகை மாதிரிப் பூவுக்காக வளர்க்கும் கொடி அல்ல. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர்ப் பட்டியல்களில் "கொடி போன்றவள், மென்மையானவள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

என் அம்மா வீட்டு வேலியில் வள்ளிக்கொடி ஏறிக் கிடக்கும். இலை வெற்றிலையைப் போல, காம்புப் பக்கம் பிளந்து நுனி கூராக இருக்கும். தண்டு சணல் கயிற்றுப் பருமன்கூட இருக்காது. மழை விழுந்தால் வேலி, முருங்கை, துணிக்கொடி எதையும் விடாது, சுற்றிச் சுற்றி மேலே போய்விடும். மார்கழியில் இலை மஞ்சளாகும். தை பிறக்கும்போது கொடி முழுக்கக் காய்ந்து, தொட்டாலே நொறுங்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். அம்மா அப்போதுதான் கடப்பாரையை எடுப்பார். கொடி இறங்கிய இடத்தில் முன்பே ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்திருப்பார். அதைச் சுற்றி மண்ணைப் பொலபொலவென்று கிளறினால், மயிர்வேரும் மண்ணும் அப்பிய கிழங்கு கையில் வரும். தலைப்பக்கத்துத் துண்டை அறுத்து அதே குழியில் போட்டு மூடிவிடுவார். அடுத்த மழைக்கு அது மறுபடி முளைக்கும்.

இந்தக் கொடியின் கிழங்கு எவ்வளவு பழைய உணவு என்பதற்குப் புறநானூற்றின் 109-ஆம் பாட்டே போதும். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது. உழவர் உழாமலே இந்த மலை நான்கு பொருள் தரும், நீங்கள் எப்படிப் பட்டினி போட முடியும் என்று கேட்கிறார். மூங்கில் நெல், பலாச்சுளை, தேன் ஆகியவற்றோடு அவர் சொல்வது, "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே". முற்றுகையில் கிடந்த ஒரு மலைக்குச் சோறு போட்ட கொடி இது.

அப்படியானால் சர்க்கரைவள்ளி, மரவள்ளி எல்லாம்?

அவை பின்னால் வந்தவை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், கடல் வழியாக ஐரோப்பியர் கொண்டுவந்தவை. புதுக் கிழங்கைப் பார்த்ததும் நம் ஆட்கள் தெரிந்த பெயரையே அதற்கும் கொடுத்தார்கள். இனித்ததால் சர்க்கரைவள்ளி, மரம்போல நின்றதால் மரவள்ளி. நம் நாட்டு வள்ளிகள் சிறுவள்ளி, பெருவள்ளி என்று தனியே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கத்தரிப்பூ நிறத்தில் இராசவள்ளி உண்டு. பள்ளியில் யாராவது உங்கள் குழந்தையைக் "கிழங்கு" என்று கேலி செய்தால் அவளிடம் கபிலர் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பலித்தது.

இது தமிழ்ச் சொல்லா, சமஸ்கிருதமா?

தமிழ்ச் சொல். கன்னடத்தில் கொடிக்குப் பள்ளி என்று பெயர், முதல் எழுத்து அழுத்திச் சொல்லும் ப. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் இப்படி மாறும். மலையாளத்தில் இன்றும் வள்ளி என்றால் கொடிதான். தென்னாட்டு மொழிகளில் இப்படிப் பரவிக் கிடப்பது இதன் பழமையைக் காட்டுகிறது. வளை, வளையம், வளையல் ஆகிய சொற்களோடு சேர்த்து, வளைந்து சுற்றுவது என்ற பொருளில் பிறந்தது என்று விளக்குவோரும் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். வேலியில் அந்தக் கொடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

சமஸ்கிருதத்திலும் கொடியைக் குறிக்க வல்லி என்ற சொல் இருக்கிறது. தைத்திரீய உபநிடதத்தின் பிரிவுகளுக்குக்கூட ஆனந்தவல்லி, பிருகுவல்லி என்றுதான் பெயர். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

வள்ளி, வல்லி, வளி: எது சரி?

மூன்றும் சரியான சொற்கள், மூன்றுக்கும் இடம் வேறு.

செண்பகவல்லி, கனகவல்லி, மரகதவல்லி, கோமளவல்லி போன்ற அம்மன் பெயர்களில் வருவது வல்லி. பொருள் அங்கும் கொடிதான், ஆனால் முன்னால் ஒரு சொல் நின்று அதைச் சிறப்பிக்கும். முருகன் துணைவியின் பெயராகத் தனியே நிற்பது வள்ளி. வளி என்றால் காற்று. பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது இதைக் கவனியுங்கள். எங்கள் மகளின் சான்றிதழ் முதல்முறை வந்தபோது "வல்லி" என்று இருந்தது. திருத்தி வாங்க மூன்று முறை நடந்தோம். படிவத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, கணினியில் ஏற்றுகிறவர் பக்கத்திலேயே நின்று பார்த்துவிடுவது நல்லது.

தெய்வத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம், தக்ஷ காண்டத்தின் கடைசியில் வள்ளியம்மை திருமணப் படலத்தில் இதைச் சொல்கிறது. மலைச்சாரலில் குறவர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழி ஒன்று திறந்து கிடக்கிறது. மான் ஒன்று அந்தக் குழியில் ஒரு பெண் குழந்தையை ஈன்றுவிட்டுப் போய்விடுகிறது. குறவர் தலைவன் நம்பி அழுகுரல் கேட்டு வந்து எடுக்கிறான். பெண் குழந்தைக்கு ஏங்கிய வீடு அது. வள்ளிக் குழியில் கிடைத்ததால் வள்ளி.

அவர்கள் நல்ல சகுனத்தையோ நவமணியின் பெயரையோ தேடவில்லை. குழந்தை எங்கே கிடந்ததோ அந்தக் குழியின் பெயரையே கூப்பிட்டார்கள். அவர்கள் அன்றாடம் தோண்டித் தின்னும் கிழங்கின் பெயர் அது. இந்தப் பெயரில் என்னைக் கட்டிப்போட்டது இதுதான்.

வளர்ந்தபின் அவள் தினைப்புனம் காக்கிறாள். பரண் மேல் நின்று, "ஆலோலம்" என்று பாடிக் கவண் சுழற்றிக் கிளி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்டிக் கொடுக்கிறார். மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தக் கதை புராண காலத்ததா, அதற்கும் முந்தியதா?

புராணத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. நற்றிணை 82-ஆம் பாட்டில் அம்மூவனார், "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" என்று தலைவியை வருணிக்கிறார். யார் வள்ளி என்று விளக்கவில்லை. கேட்பவர்களுக்கு முன்பே தெரியும் என்றுதானே உவமையாகச் சொல்ல முடியும்? திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களில் ஒன்று "கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு" சிரித்து மகிழ்ந்திருக்கிறது. கொடி என்ற பெயருடையவளுக்குக் கொடி போன்ற இடை என்று நக்கீரர் பெயரையே உவமைக்குள் கொண்டுவருகிறார்.

எனக்கு மிக நெருக்கமான இடம் சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவை. மதுரையை எரித்துவிட்டு, ஒரு முலை இழந்து, கண்ணகி மலையேறி வேங்கை மர நிழலில் வந்து நிற்கிறாள். குறவர்கள் பார்க்கிறார்கள். யாரென்று தெரியாது. "மலைவேங்கை நறுநிழலின் வள்ளிபோல்வீர், மனநடுங்க முலையிழந்து வந்து நின்றீர், யாவிரோ" என்று கேட்கிறார்கள். அந்த நிலையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவர்கள் வாயில் முதலில் வந்த பெயர் வள்ளி. அவர்களுக்கு மிகவும் வேண்டியவளின் பெயர் அது. பேர் வைக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் தயங்கிய இரவில் என் கணவர் இந்த வரியைப் படித்துக் காட்டினார். அதோடு தயக்கம் தீர்ந்தது.

"வாடா வள்ளி" என்கிறார்களே, அது என்ன?

ஒரு கூத்து. தொல்காப்பியத்திலும் பெரும்பாணாற்றுப்படையிலும் இந்தத் தொடர் வருகிறது. செடியாகிய வள்ளி வாடும், கூத்தாகிய வள்ளி வாடாது. அதனால் வாடாத வள்ளி என்று வேறுபடுத்திச் சொன்னார்கள்.

இன்றும் ஆடுகிறார்கள். கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இருக்கிறது. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி, வட்டமாக நின்று, கைகொட்டிக் காலடி மாற்றி ஆடுவது. ஆண்களே ஆடிவந்த இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவைப் பகுதிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளித் திருமணம் நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அதில் வள்ளியாக வருகிறவர் நாரதரோடு செய்யும் வாதத்தைக் கேட்கவே கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் மனைவி பெயராச்சே, பெண்ணுக்கு வைக்கலாமா?

இதைக் கேட்காத பெரியவர்கள் குறைவு. அக்கறையில் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அழுத்தமாகவே பதில் சொல்கிறேன்: தாராளமாக வைக்கலாம்.

கந்தபுராணத்தின்படி தெய்வானையும் வள்ளியும் முற்பிறப்பில் அமுதவல்லி, சுந்தரவல்லி என்ற உடன்பிறந்தவர்கள். திருமாலின் மகள்கள். இருவரும் முருகனை வேண்டித் தவமிருந்தார்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் வாக்குக் கிடைத்தது. சைவ மரபில் வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி, கையிலிருக்கும் வேல் ஞான சக்தி. சன்னிதியில் வலப்பக்கம் நிற்பவள் வள்ளி. இதில் முதல், இரண்டு என்ற கணக்கு எங்கே வருகிறது?

பரிபாடலின் 9-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருப்பரங்குன்றத்தில் இரு தேவியர் பக்கத்துப் பெண்களும் மாலையைக் கொண்டு அடித்து, பந்தை எறிந்து சண்டை போடுகிறார்கள். வெல்வது வள்ளியின் பக்கம். காதலில் பிறந்த இணைவே சிறந்தது என்று அந்தப் பாட்டே வெளிப்படையாகச் சொல்கிறது. தெய்வானையை இந்திரன் கைப்பிடித்துக் கொடுத்தான். வள்ளி தானே தேர்ந்து போனாள். இது என் மகளுக்கு வரக்கூடாத குணம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்தப் பெயர் ஏதாவது ஒரு சமூகத்துக்கு உரியதா?

இல்லை. நகரத்தார் வீடுகளில் வள்ளியம்மை அதிகம், கொங்குப் பக்கத்தில் வள்ளியம்மாள் அதிகம். முருகனைக் கும்பிடுகிற எல்லா வீடுகளிலும் இருக்கிறது.

வள்ளியிலிருந்து பிறந்த வேறு பெயர்கள்?

வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு, வள்ளிமயில். ஆண்களுக்கு வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமணாளன். பெண் பெயரை முன்வைத்து ஆண் பெயர் அமைவது நம்மிடம் நிறைய உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பெயரும் அப்படித்தான்.

இந்தப் பெயரில் வரலாற்றில் யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். தில்லையாடி வள்ளியம்மை. பெற்றோரின் ஊர் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துத் தில்லையாடி. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், 22 பிப்ரவரி 1898-இல். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மீது 3 பவுன் வரியும் இருந்தது. இவற்றை எதிர்த்து 1913-இல் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் தாயோடு சேர்ந்து போனார். மூன்று மாதக் கடுங்காவல். சிறையில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றார். 22 பிப்ரவரி 1914, தன் பிறந்த நாளிலேயே இறந்தார். வயது 16.

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

பெயருக்குரிய ஊர்கள் எவை? குழந்தையை எங்கே அழைத்துப் போகலாம்?

வேலூர் மாவட்டத்து வள்ளிமலையை அவள் வளர்ந்த இடம் என்கிறார்கள். மணந்தபின் தங்கிய மலை திருத்தணி. திருச்செந்தூரில் கடலோரம் வள்ளி குகை இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வேளிமலைக் குமாரகோயிலில் பங்குனித் திருக்கல்யாணத்தின்போது குறவர் படுகளம் நடக்கும். பெண்ணை மீட்க வந்த குறவர்கள் முருகனோடு சண்டையிட்டு விழுவதை நடித்துக் காட்டுவார்கள்.

கடல் கடந்தால் கதிர்காமம். இலங்கையின் வேடர் இன மக்கள் வள்ளியைத் தங்கள் குலத்துப் பெண்ணாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஆடித் திருவிழாவில் ஊர்வலம் முருகன் கோயிலிலிருந்து புறப்பட்டு வள்ளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும். சாமி அவள் வாசலுக்குப் போகிறார்.

எந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும்?

நாம எழுத்துப் பார்க்கிறவர்களுக்கு வ என்பது ரோகிணியின் எழுத்துகளில் ஒன்று. கிருத்திகை, விசாகம் முருகனுக்குரிய நட்சத்திரங்கள் என்பதால் அந்த நாட்களில் பிறந்த குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள். எங்கள் மகள் பிறந்தது இவை எதிலும் இல்லை.

பழைய பெயர் மாதிரி இருக்கிறதே. ஸ்ரீவள்ளி, வள்ளிஷா என்று மாற்றலாமா?

உங்கள் குழந்தை, உங்கள் விருப்பம். ஸ்ரீவள்ளி வழக்கில் இருப்பதுதான். ஆனால் ஷா, ஷிகா, ஷினி என்று ஒட்டுப்போட்டால் பெயரின் பொருள் அறுந்துவிடும். மூன்றே எழுத்து, முழுப் பொருள், இரண்டாயிரம் ஆண்டு வழக்கு. வேறென்ன சேர்க்க வேண்டும்? கூப்பிடும்போது தானாகவே வள்ளிம்மா, வள்ளிக்குட்டி என்று நீளும்.

வெளிநாட்டில் இருக்கிறோம். சரியாக உச்சரிப்பார்களா?

ஆங்கில எழுத்தில் வள்ளியும் வல்லியும் ஒன்றாகத்தான் தெரியும். பார்த்துப் படிக்கிறவர்கள் முதல் எழுத்தை வே என்று இழுப்பதும் உண்டு. நாக்கின் நுனியை மடித்து மேலண்ணத்தில் தொட்டால்தான் ள்ளி வரும் என்று ஆசிரியரிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள். குழந்தைக்குப் பள்ளி, வெள்ளி, துள்ளி, புள்ளி என்று சொல்லவைத்துப் பழக்கினால் அவளே மற்றவர்களைத் திருத்துவாள். கடவுச்சீட்டு, பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் பின்னால் அலைச்சல்.

மாமியார் பெயரும் வள்ளிதான். அதையே வைத்தால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

பெயர்த்தி என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவள் என்பதால் வந்தது. பேத்தி என்பது அதன் பேச்சு வடிவம். எனவே வைப்பதில் தடையே இல்லை. கூப்பிடுவதில்தான் சிக்கல். மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இருக்கும் வீடுகளில் மருமகள் குழந்தையைப் பாப்பா என்றோ அம்மாச்சி என்றோ அழைப்பார். எங்கள் வீட்டிலும் அத்தையின் பெயர்தான் மகளுக்கு. முதல் ஒரு மாதம் நானும் பாப்பா என்றே கூப்பிட்டேன். ஒரு நாள் அத்தை குழந்தையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தபடி, "எம்பேரை நீயும் கூப்பிடு தாயி, நான் திரும்பிப் பாக்கலே" என்றார். அன்றிலிருந்து நான் கூடத்தில் நின்று "வள்ளீ" என்று குரல் கொடுத்தால், இரண்டு பேரும்தான் திரும்புகிறார்கள்.